சம்மந்தி எடுத்த பெரட்டு

எனக்கு வாய்ச்ச சம்மந்தி வியட்நாம்காரரு. இத மாத்தளையில யார்கிட்ட சொன்னாலும் ரெண்டு தடவை கேக்குறாங்க. "வியட்நாமா? அங்க எப்படிப் போயி பொண்ணு எடுத்தீங்க?" நான் எங்க போனேன்? நான் கொழும்புக்கே மூணு தடவைதான் போயிருக்கேன், அதுல ரெண்டு தடவை பஸ்ஸுலயே வாந்தி எடுத்திருக்கேன். போனவன் என் மகன். ஆஸ்திரேலியாவுல ஒரு பேக்கரியில வேலைக்குச் சேந்தான். மாவு பெசையப் போனவன் மொதலாளி மகளையே கட்டிக்கிட்டான். அந்த மொதலாளிதான் என் சம்மந்தி.

போன வருஷம் சித்திரை பொறந்து ஒரு கிழமை கழிச்சு மகனும் மருமகளும் வந்தாங்க. பேரப்புள்ளைங்க ரெண்டும் பரீட்சைன்னு வரல்ல. அதுங்களுக்குப் பதிலா சம்மந்தி வந்தாரு. எனக்கு நம்பவே முடியல்ல. கல்யாணம் கட்டி பதினாறு வருஷமா நான் கூப்பிடாத நாளில்ல. ஃபோன்ல மூஞ்சியக் காட்டி, "வாங்க சம்மந்தி, ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க"ன்னு சொல்லுவேன். அவரு கையக் கூப்பி சிரிப்பாரு, அவ்வளவுதான். அவருக்குப் பின்னால அவரோட கூட்டாளி ஒருத்தரு நிப்பாரு, அதே பேக்கரியில வேலை செய்யிற கிழவரு. மாவுக் கையோட ஃபோனுக்குள்ள தலைய நீட்டி, கரகரன்னு ஒரு கொரல்ல, "வணக்கம்! வணக்கம்! வணக்கம்!" னு மூணு தடவை கத்துவாரு. என் மகன் சொல்லிக் குடுத்த ஒரே தமிழ்ச் சொல்லு அது. அந்தக் கிழவராவது ஒரு நாள் வந்து நிப்பாருன்னு நெனைச்சேன். என் சம்மந்தி வருவாருன்னு நெனைக்கல்ல. அதிலயும் ஏப்ரல் மாசம்னா ஆளு அந்த ஊர விட்டு அசையவே மாட்டாருன்னு மகன் சொல்லியிருக்கான். இப்ப அவரே வாயத் தொறந்து கேட்டு, ஏப்ரல்லயே வர்றாருன்னா என்ன நியாயம்?

வந்து எறங்கினாரு. ஃபோன்ல பெரிய ஆளாத் தெரிஞ்சவரு, நேர்ல பாத்தா என் தோளுக்குக் கொஞ்சம் மேல. வயசு எழுபத்தஞ்சு. முதுகு மட்டும் அலவாங்குக் கம்பி மாதிரி நேரா நிக்குது. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் பேக்கரி அடுப்பு சுட்ட தழும்பு, கோடு கோடா. வாசல்ல சப்பாத்தக் கழட்டி ரெண்டையும் ஒரே நேரா வச்சாரு. அதோட நின்னாரா? பக்கத்துல கெடந்த என் செருப்பையும் எடுத்து நேராக்கி வச்சாரு.

"டேய் தம்பி, ஒன் மாமனாரு என்னடா, என் செருப்புக்குக் கங்காணியா?"

"சும்மா இருங்கம்மா. பட்டாளத்துல இருந்தவரு."

"அவரு இருந்தாருடா. என் செருப்பு இருக்கலையே."

மருமக விழுந்து விழுந்து சிரிச்சிச்சு. அந்தப் புள்ள என் மகனவிட ஒழுங்காத் தமிழ் பேசும். அதுதான் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு இங்கிட்டுள்ளத அங்கிட்டும், அங்கிட்டுள்ளத இங்கிட்டும் சொல்றது. ஒரு சொல்லு மட்டும் நான் நேராவே அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். நான் உங்களக் கூப்பிடுறது சம்மந்தி, நீங்க என்னக் கூப்பிடுறதும் சம்மந்தி. அவருக்கு ஒரே சந்தோஷம். பட்டாளத்துலயும் அப்படித்தானாம், கூட நிக்கிறவன எந்தச் சொல்லால கூப்பிடுறமோ அதே சொல்லாலதான் அவனும் நம்மளக் கூப்பிடுவானாம்.

மறுநாள் காலையில சூன் பாண் வண்டி வந்திச்சு. சூன் பாண்னா, த்ரீவீல் மேல கண்ணாடிப் பெட்டியக் கட்டி, பாட்டுப் போட்டுக்கிட்டு வாசலுக்கே பாண் ரொட்டி கொண்டார்ற வண்டி. பாட்டுச் சத்தம் கேட்டதும் சம்மந்தி ஓடினாரு. ஒரு பாண எடுத்துத் தலைகீழாத் திருப்பி, அடியில விரலால டொக்கு டொக்குன்னு தட்டினாரு. காதுல வச்சுக் கேட்டாரு. தலைய ஆட்டி திருப்பி வச்சாரு. அடுத்த பாணு. டொக்கு டொக்கு. அதுவும் சரியில்ல. ஆறு பாண் தட்டினாரு.

பாண்காரன் பல்லேபொல ஊருக்காரன், நாப்பது வயசிருக்கும், எங்கூட சிங்களத்துலதான் பேசுவான். "ஆச்சி, இவரு பாண் வாங்க வந்தாரா, நாடி புடிச்சுப் பாக்க வந்தாரா?"

"டாக்டரு தம்பி. ஒம் பாணுக்கெல்லாம் சளி புடிச்சிருக்காம்."

கடைசியா பாவம் பாத்து ரெண்டு பனிஸ் வாங்கினாரு. அதுலயிருந்து தெனமும் இதே கூத்து. பாண்காரன் எங்க வாசல் கிட்ட வந்ததும் பாட்ட நிப்பாட்டிட்டுத் தலையச் சொறிவான்.

எனக்கும் சம்மந்திக்கும் ஒரு வியாதி ஒண்ணு போல. விடியக்காலம் நாலரைக்கு ரெண்டு பேருக்கும் தூக்கம் போயிரும். அவருக்குப் பேக்கரிப் பழக்கம். எனக்குப் பெரட்டுப் பழக்கம். நான் ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்து, பதினாலு வயசுல பேரு பதிஞ்சு, முப்பத்தஞ்சு வருஷம் கொழுந்து எடுத்தவ. காலையில ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்துல வரிசையா நிக்கணும். கணக்கப்புள்ள ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாரு. "இருக்கேங்க"ன்னு சொல்லணும். அதுதான் பெரட்டு. சொல்லலன்னா அன்னைக்கு ஒனக்கு வேலையில்ல. நீ ஒலகத்துல இருக்கிறதாவே யாருக்கும் கணக்கில்ல. தோட்டத்த விட்டு டவுனுக்கு வந்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒடம்பு இன்னும் பெரட்டுக்குத்தான் எந்திரிக்குது.

அதனால விடியக்காலம் குசினியில நாங்க ரெண்டு பேரும்தான். உள்ளங்கையில கருப்பட்டித் துண்டு, கையில பிளேன்டீ. மருமக தூங்குறதால பேச வழியில்ல. பேசாமலே நல்லா இருந்திச்சு. எம் புருஷன் கூட நான் இவ்வளவு சமாதானமா உக்காந்து டீ குடிச்சதில்ல.

ஆனா நாளாக ஆக மனுசன் சுருங்கிக்கிட்டே போனாரு. குசினிச் செவத்துல ஒரு கடைக் கலண்டர் தொங்குது, லட்சுமி படம் போட்டது. டீயக் குடிச்சுக்கிட்டே அதப் பாப்பாரு. சட்டுனு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. ஒரு நாள் காலையில நான் வந்து பாக்குறேன், கலண்டர் மேல துண்டு தொங்குது. எடுத்துக் கொடியில போட்டேன். அடுத்த நாளும் துண்டு. மறுபடியும் எடுத்தேன். மூணாவது நாள் துண்ட ரெண்டு ஆணி அடிச்சு மாட்டியிருந்தாரு. அதுவும் ஒரே நேரா.

மருமகளக் கூப்பிட்டேன். "புள்ள, ஒங்கப்பாவுக்கு லட்சுமின்னா ஆவாதா? அவ ஒண்ணும் பண்ணலையே. எங்க வீட்டுக்கு இன்னும் வந்ததே இல்ல."

அது சிரிக்கல்ல. என் பக்கத்துல உக்காந்து, தேங்காத் துருவிக்கிட்டிருந்த என் கையப் புடிச்சிச்சு. பொறவுதான் எல்லாத்தையும் சொல்லிச்சு.

சம்மந்தி தெக்கு வியட்நாம் பட்டாளம். தோத்த பக்கம். ஏப்ரல் மாசக் கடைசி நாள்தான் அவங்க தோத்த நாள். அவரோட கூட்டத்துல பதினோரு பேரு. நாலு பேரு சண்டையில போயிட்டாங்க. மத்த ஏழு பேரையும் ஜெயிச்சவங்க முகாம்ல போட்டு மண்வெட்டி குடுத்தாங்க. அங்க மூணு பேரு போனாங்க. மிச்சம் நாலு பேரு, குடும்பத்தோட ஒரு மீன்புடிப் படகுல ஏறிக் கடலுக்குள்ள போனாங்க. மலேசியாப் பக்கம் ஒரு தீவுல ஒதுங்கி, தார்ப்பாயிக்குக் கீழ பத்து மாசம் கெடந்து, பொறவு ஆஸ்திரேலியா. அங்க போயி நாலு குடும்பமும் ஒரே வீட்டுல, ஒரே ஃப்ரிட்ஜ். நாலு பேரும் எறைச்சி வெட்டினாங்க, தரை கூட்டினாங்க. ஒருத்தரு பாண் போடப் பழகி மத்த மூணு பேருக்கும் பழக்கினாரு. அந்த ஊருக்குப் புதுசா ஒரு அகதிக் குடும்பம் வந்தா, மொத நாளே இந்த நாலு பேரும் சட்டி, போர்வை, ஒரு மூடை அரிசி தூக்கிக்கிட்டுப் போயி நிப்பாங்களாம்.

தோத்த பட்டாளத்துக்கு யாரு செல வைப்பா? மெடல் இல்ல, பென்சன் இல்ல. அவங்க செத்த எடத்துக்குப் பூ வைக்கப் போகவும் வழியில்ல. அதனால ஒவ்வொரு வருஷமும் அந்தக் கடைசி நாள் விடியக்காலம், பேக்கரிப் பக்கத்துப் பார்க்குல ஒரு மரத்துக்குக் கீழ நாலு பேரும் நிப்பாங்க. ஒருத்தரு செத்தவங்க பேர ஒவ்வொண்ணாக் கூப்பிடுவாரு. மத்தவங்க அந்தச் செத்தவனுக்காக "இருக்கேன்"னு பதில் சொல்லுவாங்க. அவ்வளவுதான் சடங்கு. முடிஞ்சதும் பாண் போடப் போயிருவாங்க.

நாலு பேரு மூணாச்சு. மூணு ரெண்டாச்சு. அப்ப சம்மந்தி கூப்பிடுவாரு, அந்தக் கரகரக் கொரல்காரரு பதில் சொல்லுவாரு. போன மழைக்காலத்துல அவரும் போயிட்டாரு. இப்ப பேரு பத்து. கூப்பிட ஒருத்தரு. பதில் சொல்ல ஆளில்ல.

"பதில நான் சொல்றேன்னு அப்பாகிட்ட கேட்டேம்மா," ன்னு மருமக சொல்லிச்சு. "நீ வரிசையில நிக்காதவ, ஒனக்கு இந்தப் பாரம் வேணாம்னுட்டாரு. இந்த வருஷத்தோட விட்டுருவோம்னுட்டாரு. அந்த மரத்துக்கிட்ட இருந்தா மனசு கேக்காதுன்னுதான் இங்க வந்திருக்காரு. ஒரு வருஷமும் விடாமக் கூப்பிட்ட பேருங்கம்மா. இந்த வருஷம் விட்டா அதோட போச்சு. அப்பா பொறவு கூப்பிடவே மாட்டாரு."

அந்தக் கடைசி நாளுக்கு இன்னும் மூணு நாள்தான் இருந்திச்சு.

அத என்னால அப்படியே விட முடியல்ல. ஏன்னு சொல்றேன். தோட்டத்துல எனக்கு ஒரு கூட்டாளி இருந்தா. லயத்து வரிசை வீட்டுல எங்களுக்கு அடுத்த காம்பரா. அவ தூங்கினா லயமே இடிஞ்சு விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. வாரத்துல நாலு நாள் பெரட்டுக்கு லேட்டு. அதனால அவ பேரையும் நானே குடுப்பேன். பெரட்டுக் களத்துல பனி மூடியிருக்கும், கணக்கப்புள்ளைக்கு மூஞ்சி தெரியாது, கொரல் மட்டும்தான். அவளுக்கு மூக்கால பேசுற கொரல். நானும் மூக்கால "இருக்கேங்க"ன்னுவேன். அடுத்த பேரு என்னோடது. அதுக்கு என் கொரல்ல இன்னொரு "இருக்கேங்க". அதுக்குள்ள அவ பின்பக்கத்துக் குறுக்குப் பாதையால கூடையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து வரிசையில பூந்துக்குவா.

ஒரு வருஷம் அவ குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடுதாசி வந்திச்சு. அப்ப அப்படித்தான், பொறந்த ஊரு எதுன்னு நம்மளக் கேக்காமலே பிரிச்சு அனுப்புவாங்க. அவங்கள ஏத்திட்டுப் போற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சின்னு பேரு, ஏறுறவங்களும் ஏத்திவிடுறவங்களும் அழுவுற அழுகையில. ஏத்திவிட்டுட்டு வந்து மறுநாள் பெரட்டுல நிக்கிறேன். எனக்கு முந்தின பேரு அவ பேரு. வாயத் தயாரா வச்சிருக்கேன், மூக்கால சொல்ல. கணக்கப்புள்ள அவ பேரத் தாண்டி நேரா என் பேரக் கூப்பிட்டாரு. தொறந்த வாய் தொறந்தபடி நின்னேன். அவளுக்கும் எழுதத் தெரியாது, எனக்கும் மூணாம் வகுப்பு எழுத்து. அதோட சரி. உசிரோட இருக்காளா இல்லையான்னு இன்னைக்கும் தெரியாது.

அதனால ஒரு பேரு கூப்பிடாமப் போறதுன்னா என்னான்னு எனக்குத் தெரியும்.

மறுநாள் சம்மந்தி பாண் தட்டப் போன நேரம் பாத்து அவரு பெட்டியத் தொறந்தேன். அழுக்குச் சட்டை தேடினேன்னு சொல்லிக்கலாம். சொல்ல மாட்டேன். துருவத்தான் தொறந்தேன். எல்லாம் மடிச்சு மடிச்சு, ஒரு சுருக்கமில்ல. ஆகக் கீழ, பேக்கரிக் காகிதப் பையில சுத்தி ஒரு வட்டத் தொப்பி. பட்டாளத் தொப்பி, நெறம் போனது. உள்ளுக்குள்ள ஒரு காகிதம். அதுல பத்து வரி. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா ஒம்பது வரி மங்கின மை, பத்தாவது வரி புது மைன்னு தெரியும். விட்டுருவோம்னு வந்த மனுசன் தொப்பிய எதுக்குக் கொண்டாரணும்?

அடுத்த நாள் விடியக்காலம் மருமகள எழுப்பிக் குசினிக்குக் கூட்டிட்டு வந்தேன். பிளேன்டீ ஊத்தினேன். சம்மந்தியோட கோப்பைக்குப் பக்கத்துல அந்தத் தொப்பிய வச்சேன்.

அவரு அதப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. காது ரெண்டும் செவந்து போச்சு.

"கேளு புள்ள," ன்னேன். "நாளைக்கு நான் பதில் சொன்னா ஆவாதான்னு கேளு."

மருமக கேட்டிச்சு. அவரு மெதுவா ஏதோ சொன்னாரு. "நல்ல மனசுதான், ஆனா சம்மந்தி வரிசையில நின்னதில்லையேங்கிறாரு."

"நின்னதில்லையா? முப்பத்தஞ்சு வருஷம்னு சொல்லு."

அவரு கோப்பையக் கீழ வச்சாரு. முதுகு இன்னும் நேராச்சு. அதுக்குப் பொறவு ஒரு விசாரணை நடந்திச்சு பாருங்க, நான் அடையாள அட்டை எடுக்கப் போனப்பக் கூட அப்படிக் கேக்கல்ல.

"எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

"மழை பேஞ்சா?"

"தலையில படங்குச் சாக்கப் போட்டுக்கிட்டு நிப்போம்."

"பிந்தி வந்தா?"

"வெரட்டிருவாங்க."

"வராத ஆளுக்காக எப்பவாவது பதில் சொல்லியிருக்கீங்களா?"

மருமக இதக் கேக்கும்போதே சிரிப்ப அடக்கிக்கிட்டிச்சு. நான் யோசிச்சேன். பொய் சொல்லலாம். ஆனா பட்டாளத்துக்காரருகிட்ட பொய் சொன்னா நிக்க வச்சிருவாரு. "சொல்லியிருக்கேன். கணக்கில்லாம," ன்னு சொல்லி, கூட்டாளி கதை, மூக்குக் கொரல், ஒப்பாரிக் கோச்சி எல்லாத்தையும் சொன்னேன்.

சம்மந்தி மேசையத் தட்டிட்டு அப்படிச் சிரிச்சாரு. வந்து பத்து நாளுல மொதத் தடவை பல்லு தெரிஞ்சிச்சு. அவரு கல்யாணம் கட்ட முந்தி, கட்டிக்கப் போற பொண்ணப் பாக்கப் பட்டாள வேலிக் கம்பிக்குக் கீழால ஓடிருவாராம். அன்னைக்கெல்லாம் இவரு பேருக்கு "இருக்கேன்"னு சொன்னது அந்தக் கரகரக் கொரல்காரராம். ஒரு தடவை புடிபட்டு ரெண்டு பேரும் வெயில்ல முட்டி போட்டாங்களாம். சிரிச்சு சிரிச்சுக் கண்ணத் தொடச்சாரு. பொறவு தொடைக்கிறத நிப்பாட்டல்ல.

டீ ஆறினதுக்குப் பொறவு தொப்பிய எடுத்து மடியில வச்சுக்கிட்டு ஒரே ஒரு சொல்லு சொன்னாரு. மருமக அதத் தமிழ்ல சொல்லவே இல்ல. தேவையும் இருக்கல்ல. நாளைக்குன்னுதான் அர்த்தம்.

விடிஞ்சிச்சு அந்த நாள். எங்க வீட்டுப் பின்வாசல்ல பெரிய எடமில்ல. உடுப்புத் தொவைக்கிற கல்லு, தண்ணித் தாங்கி, அந்தப் பக்கம் மொளகுக் கொடி படர்ந்த ஒரு முருங்கை மரம். சம்மந்தி அந்த மரத்தத்தான் எடுத்தாரு. வெள்ளைச் சட்டை அயர்ன் பண்ணி, சப்பாத்துப் பளபளக்க, தலையில அந்த வட்டத் தொப்பி. நானும் கொழுந்து எடுக்கப் போறப்ப கட்டுற மாதிரி தலையில துணியக் கட்டி, கையக் கட்டி எதுக்க நின்னேன். மருமக ஓரத்துல நின்னிச்சு. என் மகன் கொறட்டை விட்டுக்கிட்டிருந்தான். அவன் பெரட்டுக்கு ஆவாதவன்.

சம்மந்தி காகிதத்த விரிச்சாரு. மொத பேரக் கூப்பிட்டாரு. நான் வாயத் தொறக்கல்ல.

அவரு நிமிந்து பாத்தாரு.

"ஆளு எப்படி?" ன்னேன். மருமகளுக்குப் புரியல்ல. "கேளு புள்ள. குண்டனா, ஒல்லியா? கத்துறவனா, முணங்குறவனா? ஆளத் தெரியாம எப்படி நான் கொரல் குடுக்கிறது? எல்லாருக்கும் ஒரே கொரல்ல சொன்னா கணக்கப்புள்ள புடிச்சிருவாருல்ல?"

மருமக சொல்லிச்சு. சம்மந்தி காகிதத்த எறக்கினாரு. அத்தனை வருஷத்துல யாரும் அதக் கேட்டதில்லையாம். பதில் சொன்னவங்களுக்கெல்லாம் ஆளத் தெரியும், பொறவு எதுக்குக் கேக்கப் போறாங்க?

பொறவு சொன்னாரு. மொத ஆளு வாத்து மேய்க்கிற வீட்டுப் புள்ள. நெட்டை. வயலுக்கு அந்தப் பக்கம் போன வாத்தக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பக்கத்துல நிக்கிறவன்கிட்டயும் கத்தித்தான் பேசுவானாம்.

"இருக்கேங்க!" னு நான் போட்ட சத்தத்துல முருங்கை மரத்துக் காக்கா பறந்திச்சு.

ரெண்டாவது ஆளு வாத்தியாரு மகன். பேசுறது பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது. ஆனா எழுதத் தெரியாதவனுக்கெல்லாம் வீட்டுக்குக் கடுதாசி எழுதிக் குடுப்பானாம். மெதுவாச் சொன்னேன். அடுத்தவன் கடதாசிச் சீட்டு வெளையாட்டுல களவு பண்ணுறவன், தோத்தவன்கிட்ட ஜெயிச்ச சிகரெட்ட அவன்கிட்டயே பாதி திருப்பிக் குடுக்குறவன். அதுக்கு ஒரு கள்ளச் சிரிப்போட சொன்னேன். ஒருத்தனுக்குப் பதினெட்டு வயசு, அம்மா ஆக்கின மீன் கொழம்ப நெனைச்சு நெனைச்சு அழுவானாம். அவனுக்குச் சொல்லும்போது எனக்கே கொரல் கொஞ்சம் ஒடைஞ்சிச்சு, அது பொருத்தமாத்தான் இருந்திச்சு. முகாம்ல செத்த ஒருத்தரு நல்லாப் பாடுவேன்னு தானே நெனைச்சுக்கிட்டவராம். நான் இனிமையா இழுத்துச் சொன்னேன். சம்மந்தி கையக் காட்டி நிப்பாட்டினாரு.

"அவ்வளவு அழகா இருக்காதாம்மா," ன்னு மருமக சொல்லிச்சு. "தவளை மாதிரின்னு சொல்றாரு."

தவளை மாதிரி சொன்னேன். சம்மந்திக்கு வந்த சிரிப்புல தொப்பி சரிஞ்சு போச்சு. சரி பண்ணவே இல்ல. செருப்ப நேராக்கின மனுசன், தொப்பி கோணலா நின்னபடி அடுத்த பேரக் கூப்பிட்டாரு.

மருமக எனக்கு மாத்திச் சொல்லிக்கிட்டே அழுதிச்சு. "அப்பா இவங்களப் பத்தி ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லம்மா. பேரு மட்டும்தான் தெரியும்." அழுதாலும் ஒரு சொல்லு விடாமச் சொல்லிச்சு.

ஒம்பது பேரு முடிஞ்சிச்சு. பத்தாவது அந்தப் புது மை.

சம்மந்தி காகிதத்தப் பாத்தாரு. வாயத் தொறந்தாரு. சத்தம் வரல்ல. மூடினாரு. மறுபடியும் தொறந்தாரு. எனக்குத் தெரியும் அந்த வாய. கூப்பிட்டுட்டா அந்த மனுசன் செத்தவங்க வரிசைக்குப் போயிருவாரு. கூப்பிடாட்டி அதவிட மோசம்.

பெரட்டுல பேரு கூப்பிட முந்திப் பதில் சொல்றது பெரிய குத்தம். என்னா அவசரம் ஒனக்குன்னு கணக்கப்புள்ள கிட்ட நல்லா வாங்கிக் கட்டியிருக்கேன். ஆனா இந்த ஒரு ஆளப் பத்தி நான் ஒண்ணும் கேக்கத் தேவையில்ல. கொரல் எனக்கே தெரியும். ஃபோனுக்குள்ள பதினாறு வருஷம் கேட்ட கொரல். நெஞ்சக் கனைச்சுக்கிட்டேன். கரகரன்னு, அவரு வணக்கம் கத்துற அதே மாதிரி மூணு தடவை கத்தினேன்.

"இருக்கேங்க! இருக்கேங்க! இருக்கேங்க!"

சம்மந்தி கண்ண மூடிக்கிட்டாரு. பொறவு, சத்தமா, தெளிவா, அந்தப் பேரக் கூப்பிட்டாரு. பதில் மொதல்ல வந்திச்சு, பேரு பின்னால வந்திச்சு. பரவாயில்ல. ரெண்டும் வந்திச்சு.

நான் முடிஞ்சிச்சுன்னு தலைத்துணிய அவுக்கப் போனேன். சம்மந்தி அசையல்ல. மருமகள்கிட்ட ஏதோ கேட்டாரு.

"வரிசைக்குப் பதினோரு பேரு வேணுமாம்மா. ஒங்க கூட்டாளி பேரு என்னன்னு கேக்குறாரு."

நான் சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாரு. நேரா நின்னு கூப்பிட்டாரு. அவரு கூப்பிட்ட கூப்பிடுல, என் கூட்டாளி கேட்டிருந்தா அது தன்னோட பேருன்னே நம்பியிருக்க மாட்டா. இத்தனை பேருக்கு வாயடிச்ச நான், தலைத்துணிய மறுபடியும் இறுக்கிக் கட்டினேன். பொறவு மூக்குக்குள்ளயிருந்து அது தானா வந்திச்சு, அதே நீட்டு, அதே தூக்கக் கலக்கம். "இருக்கேங்க." அன்னைக்குப் பெரட்டுக் களத்துல தொறந்த வாய் இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் மூடிச்சு.

பாட்டுச் சத்தம் கேட்டிச்சு. சூன் பாண். சம்மந்தி தொப்பியோடயே முன்வாசலுக்கு நடந்தாரு, நானும் பின்னால போனேன். பாண்காரன் வழக்கம் போல பாட்ட நிப்பாட்டினான், பெட்டியத் தொறந்தான், தட்டச் சொல்லி ஒரு பாண நீட்டினான். சம்மந்தி தட்டல்ல. வாங்கி என் கையில தந்தாரு. அடுத்தத எடுத்தாரு, தட்டல்ல. என் கை நெறைஞ்சு, மருமக கை நெறைஞ்சு, பதினோரு பாண் எடுத்தாரு.

பாண்காரன் பெட்டியப் பாக்குறான், எங்களப் பாக்குறான். "என்ன ஆச்சி, வீட்டுல விசேஷமா? பின்பக்கம் விதம் விதமாக் கொரல் கேட்டிச்சே. எத்தனை பேரு வந்திருக்காங்க?"

"பத்து ஆம்புள, ஒரு பொம்பள. ஒருத்தரும் கொறையல்ல."

"அது சரி. இன்னைக்கு டாக்டரு தட்டிப் பாக்கலையே? பாணுக்குச் சளி இல்லையா?"

"இல்ல தம்பி," ன்னேன். "இன்னைக்கு எல்லாருக்கும் சொகம்."